சிறுத்தைக்குச் சன்மானம், நாய்க்கு ஆபரேஷன்

வெள்ளைக்காரன் ஆட்சியில் கஜானாவிலிருந்து ஜனங்களுக்குக் காசு வருவதே அபூர்வம். புலி, சிறுத்தை, ஓநாய் இவற்றைக் கொன்று காட்டினால் மட்டும் ரொக்கம். 1875 முதல் 1925 வரை இந்தியாவில் இந்தச் சன்மானத்துக்காகச் செத்தவை: 80,000 புலிகளுக்கு மேல், ஒன்றரை லட்சம் சிறுத்தைகளுக்கு மேல், இரண்டு லட்சம் ஓநாய்கள். வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் தோண்டியெடுத்த கணக்கு இது. கணக்கு எழுதிவைப்பதில் துரைமார் எப்போதும் கெட்டிதான்.

அதே காலத்தில் திருவண்ணாமலை மலைமேல் வேறு நிர்வாகம் நடந்தது. 1896-ல் மதுரையிலிருந்து வீட்டைவிட்டு ஓடிவந்த வேங்கடராமன், ரமணராகி, 1899 முதல் விருபாட்ச குகையில் இருந்தார். பக்கத்துச் சுனைக்குச் சிறுத்தை வரும். கூட இருந்தவர்களுக்கு உதறல். ரமணரோ, வரும்போது ஓர் உறுமல், போகும்போது ஓர் உறுமல், சொல்லிக்கொண்டுதானே போகிறது என்றார். நம் சொந்தக்காரர்களிடம்கூட இந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

பிறகு துப்பாக்கி, விறகுவெட்டு, காட்டுத்தீ எல்லாம் சேர்ந்து மலையை மொட்டையடித்தன. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதை இங்கேயே முடித்துவிட்டது மாதிரி. சிறுத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இந்தத் தடவை உறுமல்கூட இல்லை.

1980-களின் கடைசியில் மரம் நட ஆரம்பித்தார்கள். காடு தழைத்தது, புள்ளிமான் பெருகியது. காலியாகக் கிடந்த சிறுத்தையின் பதவிக்கு மனுப் போடாமலே வந்து உட்கார்ந்தது தெருநாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானம். பாக்குமட்டைத் தட்டில் மிஞ்சிய புளிசாதத்தில் அதற்கு ஜீவனம். சிறுத்தை பசித்தால்தான் மானை அடிக்கும். நாய்க்கூட்டம் பொழுது போகாவிட்டாலும் துரத்தும். மிரண்டு ரோட்டுக்கு ஓடிவரும் மான் வண்டியில் அடிபட்டுச் சாகும்.

மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இன்னும் பழைய ஏற்பாடுதான். அங்கே சுமார் 35 சிறுத்தைகள் வருஷத்துக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்கின்றன, ஆயிரம் நாய்க்கடியாவது மிச்சம் என்று 2018-ல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, யூனியனும் கிடையாது.

அன்றைக்குச் சிறுத்தையைக் கொல்லச் செலவு, இன்றைக்கு நாயைப் பிடிக்கச் செலவு. பிடித்த நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கிறது விதி. கிரிவலப் பாதையில் பிடித்தது கிரிவலப் பாதைக்கே திரும்பும். நாலு நாள் அரசாங்கச் சாப்பாடு, வெட்டுக்காது, அப்புறம் மறுபடி மான் துரத்தல்.