பாலத்தை வரையுங்கள், பெரியவரே!

(இந்த வாரக் கேள்விகளில் சில ஜார்ஜ்டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கமிருந்து வந்தவை. எல்லாமே ஓவிய சிகிச்சை பற்றி. யாரோ எங்கேயோ அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது.)

அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கிறேன். மகள் ஓவிய சிகிச்சையாளரிடம் போகச் சொல்கிறாள். பைத்தியம் எனக்கா, அவளுக்கா?
*ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், ஆயர் ஈத்தாம்*

இருவருக்கும் இல்லை. மலேசியாவில் தனியார் துறை ஊழியருக்கு ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊழியர் சேமநிதி பணத்தைத் தரும். ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணியை என்ன செய்வதென்று அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஓய்வு, விவாகரத்து, துக்கம், பெரிய நோய், ஊர் மாறுவது, பிள்ளை வெளிநாடு போவது எல்லாம் ஒரே ஜாதி. பழைய ஆள் போய்விட்டார், புதிய ஆள் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் துணைக்கு உட்காருவதுதான் ஓவிய சிகிச்சையாளரின் வேலை. மகள் சொல்வதைக் கேளுங்கள். சும்மா இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆறாம் வகுப்புக்குப் பிறகு நான் பென்சிலைத் தொட்டதில்லை. எனக்கு வரையவே வராது.
*கடைக்காரர், கடைத்தெரு*

ரொம்ப நல்லது. நன்றாக வரைபவர்கள்தான் சிரமம் கொடுப்பார்கள். அழகான படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமாலும் அவரது குழுவினரும் 39 பெரியவர்களுக்குக் காகிதம், மார்க்கர், களிமண் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவரா, பழகாதவரா என்பதால் வித்தியாசம் ஏற்படவில்லை. 2016-இல் வெளிவந்த ஆய்வு. 39 பேர் சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கக் கூடாது. உங்கள் சாக்கைத் தள்ளிவைக்க அது போதும்.

போனால் என்னதான் செய்யச் சொல்வார்கள்?
*பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்*

பட்டர்வொர்த்காரருக்குப் பொருத்தமான பதில் கைவசம் இருக்கிறது: பாலம் வரையச் சொல்வார்கள்.

விளையாட்டில்லை. ரொனால்ட் ஹேய்ஸ், ஷெர்ரி லயன்ஸ் என்ற இருவர் 1981-இல் எழுதிவைத்த முறை இது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் பாலத்தை வரைய வேண்டும். எந்தத் திசையில் பயணம் என்று ஓர் அம்புக்குறி. அதில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

பிறகுதான் பேச்சு. இந்தக் கரையில் என்ன இருக்கிறது? அந்தக் கரை ஏன் காலியாக இருக்கிறது? கைப்பிடிச் சுவர் உண்டா? கீழே தண்ணீர் எப்படி ஓடுகிறது? புள்ளி வைத்த இடத்தில் எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்? நமக்கு இரண்டு பாலங்கள். 1985-இல் திறந்தது 13.5 கிலோமீட்டர், 2014-இல் வந்தது 24 கிலோமீட்டர். எனவே பினாங்குக்காரர் படத்தில் டோல் சாவடியும் நெரிசலும் தவறாமல் வரும். பழைய ஆள் ஒருவர் பாலமே வேண்டாமென்று ஃபெர்ரி வரைந்தால் அதையும் சிகிச்சையாளர் ஏற்றுக்கொள்வார். நடுப்பாலத்தில் நிற்பவருக்குப் பின்னால் வந்து ஹார்ன் அடிப்பதில்லை என்பதுதான் அவருடைய முக்கியமான தகுதி.

படங்களைத் தேதி போட்டு வைத்திருப்பார். சில மாதம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் பரப்புவார். புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பேச்சு காற்றோடு போய்விடும்; காகிதம் அங்கேயே கிடக்கும்.

லிட்டில் இந்தியாவில் கிளி சீட்டு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
*சந்தேகப் பிராணி, சூலியா தெரு*

கிளி எடுத்த படத்துக்கு ஜோசியர் பொருள் சொல்வார். இங்கே நீங்கள் வரைந்த படத்துக்கு நீங்கள்தான் பொருள் சொல்ல வேண்டும். "கறுப்பு வண்ணம் தீட்டியிருக்கிறீர்களே, உள்ளுக்குள் சோகம்" என்று உடனே தீர்ப்புச் சொல்கிற சிகிச்சையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெட்டியில் கறுப்பு மட்டும் மிச்சம் இருந்திருக்கலாம்.

வெள்ளைக்காரன் சமாச்சாரம் நமக்கு ஒத்துவருமா?
*கோயில் செயலவை உறுப்பினர், குயின் தெரு*

தொடங்கியது வெள்ளைக்காரர்தான். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-இல் காசநோய் விடுதியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வரைந்து வரைந்து பொழுதைத் தள்ளினார். அதையே பிறகு போரில் காயம்பட்டவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, 1942-இல் அதற்கு ஓவிய சிகிச்சை என்று பெயரும் வைத்தார்.

ஆனால் இலங்கையின் மட்டக்களப்பைப் பாருங்கள். போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கியது. கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில் களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள். போரில் பார்த்ததைச் சொல் என்று யாரும் அவர்களைக் கேட்டு வற்புறுத்தவில்லை. மட்டக்களப்பில் ஒத்துவந்தது குயின் தெருவில் ஒத்துவராதா?

என் பாட்டி ஐம்பது வருடம் கோலம் போட்டார். அதுவும் சிகிச்சைதானே?
*பேத்தி, ஜெலுத்தோங்*

மனதுக்கு நல்லது. சிகிச்சைக்கு எதிரே இன்னொருவர் வேண்டும். பாட்டிக்கு எதிரே அடுத்த வீட்டுப் பாட்டி இருந்திருப்பார்.

வாடகைச் சட்டம் போனபோது பள்ளிவாசலுக்குப் பக்கத்திலிருந்த வீட்டை விட்டுக் கிளம்பினோம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா இன்னும் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்.
*மகன், புக்கிட் மெர்தாஜாம்*

உங்கள் அம்மாவைப் போல ஜார்ஜ்டவுனில் பல குடும்பங்கள். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்தார்கள். 1999 முடிந்ததும் பாதுகாப்பும் முடிந்தது. வாடகை ஏறியது, ஆட்கள் இறங்கினார்கள். கட்டடங்கள் மட்டும் அப்படியே நின்றன. காதர் மைதீன் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அந்தச் சாலையின் வடகோடியில் 1818-இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், நடுவில் குவான் யின் கோயில், பின்பக்கம் மாரியம்மன். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012-இல் பக்கத்து ஆர்மீனியன் தெருச் சுவரில் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். இன்று அந்தப் பிள்ளைகளோடு படமெடுக்க வரிசை நிற்கிறது. நிஜமாகவே அங்கே சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் உங்களைப் போல் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவரோவியம் பிடிக்கும். ஆனாலும் அதைப் பார்க்கும்போது சிரிப்பு முழுதாக வருவதில்லை.

அம்மாவிடம் "அது நம் வீடில்லை, மறந்துவிடு" என்று வாதாடாதீர்கள். ஒரு நல்ல சிகிச்சையாளர் வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுவார். அடுப்பு எந்த மூலை? சாமி மாடம் எங்கே? வீட்டு முன்புற அஞ்சடி நடையில் யார் உட்காருவார்? பாங்கு சத்தம் எந்த ஜன்னல் வழியாக வரும்? கோடு கோணலானால் ஆகட்டும். இழந்ததை ஒருவர் பொறுமையாகக் கேட்டார் என்பதே பாதி ஆறுதல். மீதிப் பாதிக்கு, இப்போதைய வீட்டில் எதை எங்கே வைக்கலாம் என்ற பேச்சு அதே தாளிலிருந்து தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: வீடு மாறியதே அம்மாவுக்கு நினைவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள். நினைவு மறதியை ஏக்கம் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

கணவர் போய் மூன்று மாதம். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.
*பெயர் வேண்டாம், தண்ணீர்மலை அருகே*

அம்மா, பேச வேண்டாம். அங்கே பேசாமலும் உட்காரலாம். களிமண்ணை உருட்டலாம், பழைய துணியைக் கத்தரித்து ஒட்டலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். மூன்று மாதம் துக்கத்துக்கு நீண்ட காலமே இல்லை; யார் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்காதீர்கள்.

சரி, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? மணிக்கு எத்தனை வெள்ளி?
*கறாரானவர், பாயான் லெப்பாஸ்*

வெள்ளியை அவரிடமே கேளுங்கள். முதலில் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். பிரிட்டனில் பதிவு இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டவிரோதம். பக்கத்தில் சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியில் 2006 முதல் இதற்கு முதுகலைப் படிப்பு நடக்கிறது. இங்கே ஒருவர் தம்மை ஆலோசகர் என்று சொன்னால், 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேட்கலாம். வார இறுதிப் பட்டறைச் சான்றிதழ்காரரிடம் வண்ணம் பூசி மகிழுங்கள், துக்கத்தை ஒப்படைக்காதீர்கள்.

தூக்கம் போய், உயிர்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்றால் பாலம் வரையக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.