பேழைக்கு வெளியே ஒரு கோவணாண்டி

கார்த்தேஜ் ஊர் ஆயர் சிப்ரியான் 3ஆம் நூற்றாண்டிலேயே கணக்கை முடித்துவிட்டார். நோவாவின் பேழைக்கு வெளியே நின்றவன் எவனாவது பிழைத்தானா? இல்லை. திருச்சபைக்கு வெளியே நிற்பவன் கதியும் அதுதான். உள்ளே இருந்தால் பாதுகாப்பு, வெளியே இருந்தால் வெள்ளம்.

இந்தக் கணக்கை மூட்டையில் கட்டிக்கொண்டு 1949 ஜனவரியில் திருவண்ணாமலை வந்து இறங்கினார் ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சு பெனடிக்டின் துறவி. கூடவே ழூல் மோன்ஷனென் பாதிரியார். இந்தியாவின் ஆன்மாவைக் கிறிஸ்துவிடம் சேர்ப்பது அவர்கள் திட்டம். ரமணாசிரமத்தில் ஒளிவட்டத்தோடு ஒரு மகானை எதிர்பார்த்துப் போன லெ சோவுக்குக் காணக் கிடைத்தது, ரமணர் என்ற கோவணம் கட்டிய சாதுவான ஒரு பெரியவர். பார்த்தால் சொந்தத் தாத்தா மாதிரியே இருந்தாராம். ஏமாற்றத்தோடு காய்ச்சலும் வந்து சேர்ந்தது. அங்கிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வேறு, மண்டையில் இத்தனை சுமையோடு வந்தால் எப்படி என்று அதட்டிவிட்டார்.

இறையியல்படியும் இந்தத் தாத்தா பெரிய தலைவலி. சுவிசேஷம் காதிலேயே விழாத அப்பாவிகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. இவருக்கு அதுவும் கிடையாது. படித்ததே மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில்! பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுது என்று கிடைத்த தண்டனையைப் பாதியில் போட்டுவிட்டு 1896இல் ஓடிவந்த பையன். பைபிள் தெரியும், ஆனாலும் பேழையில் ஏறவில்லை. போதாக்குறைக்கு அதே ஆசிரமத்தில் லெ சோ வருவதற்கு ஏழு மாதம் முன்பு, 18-6-1948 அன்று, லட்சுமி என்ற பசுவுக்கு முக்தியே கிடைத்துவிட்டது. ரமணரே வெண்பா எழுதிச் சான்றளித்தார். மனிதருக்கே மோட்சம் உண்டா என்று ரோமில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இங்கே மாடு முந்திக்கொண்டது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் லியோனார்ட் ஃபீனி என்ற இயேசு சபைப் பாதிரியார் சிப்ரியானையும் மிஞ்சினார். கத்தோலிக்கர் அல்லாத அத்தனை பேருக்கும் நரகம்தான் என்று ஒரே பிடி. அவர் முழங்கிய இடத்தின் பெயர் புனித பெனடிக்ட் மையம். 1949 ஆகஸ்ட் 8 அன்று ரோம் கடிதம் எழுதியது: அப்பா, அவ்வளவு கறார் வேண்டாம், கடவுளை உள்ளூர நாடுகிறவருக்கும் வழி உண்டு. ஃபீனி கேட்கவில்லை. ரோமுக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. 1953 பிப்ரவரியில் சபைநீக்கம். சபைக்கு வெளியே இரட்சிப்பே இல்லை என்று சொன்னவரைத் தூக்கிச் சபைக்கு வெளியே வைத்தார்கள்! 1972இல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் லெ சோ? நோவாவின் பேழையும் கடைசியில் மலைமேல்தானே தட்டி நின்றது என்று யாராவது எடுத்துக்கொடுத்தார்களோ என்னவோ, 1952 முதல் அருணாசலக் குகைகளில் போய் உட்கார ஆரம்பித்தார். காவி, அபிஷிக்தானந்தா என்று புதுப் பெயர். அத்வைதம் உண்மையென்றால் என் ஞானஸ்நானம் என்ன ஆவது என்று நாட்குறிப்பில் வருஷக்கணக்காகப் புலம்பினார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. 1973இல் இந்தூரில் கத்தோலிக்கக் குருவாகவே கண் மூடினார்.

ஆக, வாசலில் காவல் நின்றவர் தெருவுக்குப் போனார். வேலி தாண்டியவர் வீட்டிலேயே இருந்தார். நியாயாசனம் ஒருவருக்கு மட்டும் உரியது, நாம் ஏறினால் வழுக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு தீர்ப்பு நாளை விவரிக்கும் இடத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் பற்றிப் பேச்சே இல்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்றுதான் விசாரணை. அந்த வகையில், செங்கம் சாலையில் தினமும் முற்பகல் வரிசையில் நிற்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடும் ரமணாசிரமத்துக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தச் சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகும் நமக்குத்தான் பொதுத்தீர்வை நாளில் வக்கீல் தேவைப்படும்.