மூன்றாம் வாரத்தில் ஸ்கேல் எதற்கு?

கேள்வி: விடைத்து நின்ற என் மகனின் காதுகளுக்கு ஆபரேஷன் செய்து மூன்று வாரம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இடது காது கொஞ்சம் துருத்துகிறது. சரியாகுமா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: முதலில் வீட்டில் யாரிடமாவது ஸ்கேலைப் பிடுங்கி ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்! நீங்கள் அளந்தது காதை அல்ல, வீக்கத்தை. அது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. குருத்தெலும்பு புது வளைவில் படிந்து முழு வடிவம் தெரியச் சில மாதங்களாகும். டாக்டர் சொன்ன நாள்வரை ராத்திரியில் ஹெட் பேண்டைக் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறினாலோ, சிவந்து சூடானாலோ, சீழ் வந்தாலோ, ரத்தம் கட்டியதுபோல் உப்பினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். உள்தையல் நழுவிக் காது பழையபடி விடைப்பதும் உண்டு. அதை மறுபடி சரிசெய்யலாம், அவசரமில்லை.

மில்லிமீட்டர் கணக்குப் பார்த்தால் கத்தி படாத காதுகளே ஜோடி சேராது. சந்தேகமிருந்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கேளுங்கள். ஃபிரேமின் ஒரு கம்பியை மட்டும் வளைத்து வளைத்தே அவர் கை காய்த்திருக்கும்.

அறுந்த காது மடலை ஒட்டப் பண்டைய அறுவை மருத்துவர் சுசுருதர் 15 முறைகள் சொல்லியிருக்கிறார். அம்மாவைத் திருப்திப்படுத்தும் முறை அதில் இல்லை!