சுண்ணாம்பு கேட்கும் கொத்தனார்

கேள்வி: வெளிச்சம் இருக்கிறது, நீரோட்டம் இருக்கிறது. என் கடல்நீர்த் தொட்டியில் கல் பவளம் வளரவே மாட்டேன் என்கிறதே? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: கொத்தனாரை வரவழைத்து, விளக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்பை மறந்தால் சுவர் எழும்புமா? கல் பவளமும் ஒரு கொத்தனார்தான்: மேலே மெத்தென்ற சதை, அடியில் அது கட்டும் கால்சியம் கார்பனேட் கூடு. அந்தக் கூட்டுக்கான சரக்கு முழுவதும் தண்ணீரிலிருந்துதான் வரவேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1300 அளவில், ஆல்கலினிட்டி (கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 8 அல்லது 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) இருக்கட்டும். முதலில் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். வேகமாக இறங்குவது அதுதான். இறங்கியிருந்தால் பதறி ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள், நாளுக்கு 1 டி.கே.எச். போதும். பவளம் குறையைக்கூடக் கொஞ்ச நாள் பொறுக்கும், ஏற்ற இறக்கத்தைப் பொறுக்காது. இன்னொன்று: கால்சியம் கரைசலையும் ஆல்கலினிட்டி கரைசலையும் சேர்த்து ஊற்றினால் தண்ணீர் சுண்ணாம்புப் பாலாகக் கலங்கும். பவளத்துக்குப் போகவேண்டிய கல் உங்கள் பம்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீர் வற்றும்போது உப்புத் தண்ணீர்தானே ஊற்றவேண்டும்?

பதில்: ரசம் சுண்டினால் உப்பு கூடுகிறதே, அதே கதைதான். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பில்லாத, சுத்திகரித்த தண்ணீரையே ஊற்றுங்கள்.

கேள்வி: பவளம் வெள்ளையாகிவிட்டது. போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள்! சதைக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறியிருக்கலாம். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கண்ணாடித்தாள் போல மெல்லிய சதை மினுங்கினால் உயிர் இருக்கிறது. தண்ணீரை மெல்ல மெல்ல 25, 26 டிகிரிக்கு இறக்குங்கள், விளக்கையும் குறையுங்கள். அப்புறம் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் கடலிலேயே பவளம் இருக்கிறது. ஒரு துண்டு எடுத்து வளர்க்கலாமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: கூடவே கூடாது, தாயே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் 2001 முதல் எல்லாக் கல் பவளங்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்காகக் காளவாயில் சுட்டோம். உங்கள் ஊருக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம்.