கப்பலேறிய கொடை

மியாமியிலிருந்தோ கால்வெஸ்டனிலிருந்தோ கரீபியன் தீவுகளுக்குப் புறப்படுகிற எந்த உல்லாசக் கப்பலில் ஏறினாலும் அவர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒஹையோ பக்கம் ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கழுத்துப்பட்டையில் கேபின் அட்டை ஊசலாடும். சட்டை முழுக்கக் கிளிகள் பறக்கும். இது தனக்கு எத்தனையாவது கப்பல் என்பதை லிஃப்ட் இரண்டு மாடி ஏறுவதற்குள் உங்களிடம் சொல்லி முடித்துவிடுவார். பகலில் சாது. விடிவதற்கு முன்பே நீச்சல்குள நாற்காலியில் துண்டு போட்டு இடம்பிடிப்பதைத் தவிர வேறு குற்றம் அறியாதவர். ராத்திரி, தனிக்கட்டண உணவகத்தில், சாப்பிட்டு முடித்து ரசீது வருகிற நேரத்தில்தான் அவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் பாரி வள்ளல் கண் விழிப்பார்.

தனிக்கட்டணம் என்றதும் கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட்டிலேயே மூன்று வேளையும் அடக்கம். நடுவில் பீட்சா உண்டு. நள்ளிரவில் இன்னொரு பீட்சாவும் உண்டு. ஆனால் சும்மா கிடைப்பதைத் தின்று திருப்திப்படுகிற ஜாதியா மனித ஜாதி? அதனால்தான் அதே கப்பலில், ஒரு கதவு தள்ளி, ஸ்டேக் ஹவுஸ் வைத்திருக்கிறார்கள். இத்தாலிய உணவகம் வைத்திருக்கிறார்கள். சமையல்காரர் சூடான இரும்புக் கல்லுக்கு முன்னால் நின்று முட்டையை மேலே வீசித் தொப்பியில் பிடிக்கிற ஜப்பானிய தெப்பன்யாகி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகத் தனிக் காசு. விளக்கு மங்கலாகவும் தட்டு பெரிதாகவும் இருக்கும். சாப்பாடு நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்வதற்கில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1912-இல் டைட்டானிக்கிலேயே முதல் வகுப்புப் பயணிகளுக்காக லூயிஜி காட்டி என்கிற இத்தாலியர் இப்படியொரு தனிக்காசு உணவகம் நடத்தினார். இந்தத் தகவலை நம் ஆள் பரிமாற வருபவரிடம் தவறாமல் எடுத்துச் சொல்வார். நடுக்கடலில் அந்தக் கப்பலின் பெயரை உச்சரித்தால் எந்தச் சிப்பந்திக்கும் முகம் மலராது என்பது மட்டும் அவர் கண்ணில் படுவதே இல்லை.

டிப்ஸுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பயணத்தின் கடைசி ராத்திரி கேபினுக்குக் காலி உறைகள் வந்து சேரும். அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று, அதுவரை கண்ணில் படாமலிருந்து அன்றைக்கு மட்டும் பல்லெல்லாம் தெரிய வந்து நிற்கும் ஹெட் வெயிட்டருக்கு ஒன்று. உள்ளே நோட்டை வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். இப்போது எல்லாம் பயணியின் கணக்கில் தானாக ஏறிவிடுகிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் சாதாரண அறைக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் என்று 2023 நவம்பரில் ஆக்கினார்கள். தனிக்கட்டண உணவகத்துக்குப் போனால் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் வேறு. நார்வீஜியன் கப்பல் என்றால் 20 சதவீதம். முன்கூட்டியே சாப்பாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிப்ஸும் அன்றைக்கே பிடித்தம். ஜனவரியில் டிப்ஸ், ஜூலையில் சாப்பாடு. பரிமாறியது சரியாக இருந்ததா என்ற கேள்விக்கே இடம் வைக்காத ஏற்பாடு.

சரி, கொடுத்தாயிற்று, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? முடியாது. இத்தனைக்கும் பிறகு ரசீதின் அடியில் ஒரு வெற்றுக் கோடு போட்டு, 'கூடுதல் டிப்ஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். நம் ஆளின் நாடகம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது.

அவருக்குப் பணம் ஒரு பொருட்டே அல்ல. ஏற்கெனவே பிடித்த 18 சதவீதத்தில் அவர் பெயர் இல்லை, அதுதான் பிரச்சினை. கல்யாண வீட்டில் நோட்டில் எழுதாத, மைக்கில் வாசிக்காத மொய் யாருக்கு வேண்டும்?

பரிமாறுபவரின் சட்டையில் பெயரும் நாடும் பொறித்த வில்லை குத்தியிருக்கும். அதை உரக்கப் படிப்பார். "ஓ, இந்தியாவா! என் பல் டாக்டர்கூட இந்தியர்தான்!" கோவாவிலிருந்து வந்த பையன் அந்தப் பல் டாக்டரோடு நேற்றுத்தான் டீ குடித்தவன் போல மகிழ்ந்து காட்டுவான். பிறகு ரசீது வரும். பேக்கேஜ் என்பதால் தொகை இருக்கும் இடத்தில் பூஜ்யம். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கும். பூஜ்யத்துக்குப் 18 சதவீதம் எவ்வளவு என்பது அவர் படித்த இன்ஷூரன்ஸ் கணிதத்தில் இல்லை.

"அதான் வாங்கும்போதே பிடிச்சாச்சே, ஹனி" என்பார் மனைவி. இந்த வசனத்தை எல்லாக் கப்பலிலும் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

"அது கம்பெனிக்குக் கொடுத்தது. இது இவருக்கு."

பையன் மிளகுக் குப்பியைக் கவனமாக ஆராயத் தொடங்குவான். "எல்லாம் சேர்ந்திருக்கு சார், நீங்க எதுவும் கொடுக்க வேண்டியதில்லை" என்பான். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. வள்ளலின் முகம் சுண்டிவிடும்.

"அந்தப் பணம் நிஜமாகவே உங்க கைக்கு வருதா? என்கிட்டே தைரியமா சொல்லலாம்."

ஹெட் வெயிட்டர் இரண்டு மேசை தள்ளி நின்றுகொண்டிருப்பார். "வருது சார்" என்பான் பையன். இந்தக் கேள்விக்கு இதைவிட நீளமான பதில் எந்தக் கப்பலிலும் கிடைக்காது.

இந்தக் கட்டத்தில்தான் அந்த நோட்டு வெளியே வரும். கிளம்புவதற்கு முன்பே வங்கிக்குப் போய் மொடமொடவென்று ஒரு கட்டு இரண்டு டாலர் நோட்டு வாங்கி வைத்திருப்பார். ஜெஃபர்சன் படம் போட்டது. அமெரிக்காவில் இன்றும் செல்லும், ஆனால் கடைகளில் அபூர்வமாகத்தான் புழங்கும். அதைப் பர்ஸில் வைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்று பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் நம்புவார்கள். கப்பல் சிப்பந்திகளில் அவர்கள் ஏராளம். இதை எங்கேயோ தெரிந்துகொண்டுவிட்டார் மனிதர். உள்ளங்கைக்குள் மடித்து, கைகுலுக்கும் சாக்கில் அழுத்தி, "இது அதிர்ஷ்ட நோட்டு, செலவழிச்சுடாதீங்க!" என்று மூன்று மேசைக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் சொல்வார். செலவழிக்கவே முடியாத டிப்ஸைக் கண்டுபிடித்த பெருமை அவரையே சேரும். வாங்கியவர் பிலிப்பைன்ஸ்காரரா கோவாக்காரரா என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம்.

கொடுக்கிற மனநிலை இல்லாத ராத்திரிகளில் பாராட்டு மடல். "சர்வேயில் உங்க பேரை எழுதறேன்" என்று எழுத்துக் கூட்டி ஒரு காகித நாப்கினில் குறித்துக்கொள்வார். இதை நான் கேலி செய்ய மாட்டேன். பயணிகள் பெயர் சொல்லிப் பாராட்டுவது சிப்பந்திக்கு மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கித் தரும். அவர்களே கேட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் மேசையைத் துடைக்க வருகிற உதவியாள் அந்த நாப்கினை அங்கேயே கண்டெடுப்பான்.

வள்ளலின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் கடைசி நாள் சாயங்காலம் வரவேற்பு மேசைக்கு வர வேண்டும். அங்கே ஒரு நீண்ட வரிசை. தினசரி டிப்ஸைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும்படி கேட்க அங்கே ஆள் நிற்கும். கேட்டால் எடுத்தும் விடுவார்கள். "நான் எல்லாருக்கும் நேரில் கொடுத்துட்டேன்" என்பார் நம் ஆள், நெஞ்சில் கை வைத்து. ஏழு ராத்திரி, இரண்டு பேர், 259 டாலர் திரும்ப வரும். அவர் நேரில் கொடுத்தது, எல்லாக் கைகுலுக்கல்களையும் கூட்டினால், இருபத்திரண்டு டாலர். அந்த 259-இல் தினமும் படுக்கை விரித்தவருக்குப் பங்கு உண்டு, சாப்பாட்டுக்கூடத்தில் ஓடியவருக்கு உண்டு, வெயிலையே பார்க்காத கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் உண்டு. ஊரையும் பிள்ளைகளையும் விட்டு ஆறிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களோடு கைகுலுக்க வாய்ப்பில்லை. ஆகவே அவர்கள் வள்ளலின் கணக்கிலும் இல்லை.

கம்பெனிகளும் ஒன்றும் யோக்கியமில்லை. சம்பளமாகக் கொடுக்க வேண்டியதை டிப்ஸ் என்று பெயர் வைத்துப் பயணியின் தலையில் கட்டிவிட்டு, பிறகு ரசீதில் ஒரு கோடும் போட்டு ஆழம் பார்க்கிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களில் 2019-லேயே தினசரி டிப்ஸை ஒழித்துக் கட்டணத்துக்குள் அடக்கிவிட்டார்கள். அதனால் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை.

டெக்சாஸிலிருந்து குடும்பத்தோடு வருகிற நம் தமிழர்களுக்கு இந்த அவஸ்தை குறைவு. "டிப்ஸ் இன்க்ளூடட்தானே?" என்று ஒரே ஒரு முறை கேட்டுத் தெளிந்துகொள்வார்கள். தனிக்கட்டணக் கதவுப் பக்கம் அதிகம் போக மாட்டார்கள். மூன்றாம் நாள் ஸ்டேக்கும் பாஸ்தாவும் சலித்து, பிரதான சாப்பாட்டுக்கூடத்தில் ஓர் இந்திய ஹெட் வெயிட்டரைக் கண்டுபிடித்து, மெனுவில் இல்லாத பருப்பும் சோறும் வரவழைத்துவிடுவார்கள். அந்தப் பருப்புக்கு ரசீதும் இல்லை, கோடும் இல்லை. இறங்குகிற நாள் மாமி தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற இருபது டாலர்தான் நான் பார்த்ததிலேயே சத்தமில்லாத டிப்ஸ்.

நீங்கள் அந்த மங்கலான விளக்கில் உட்கார நேர்ந்தால், கையெழுத்துப் போடுமுன் ரசீதை ஒருமுறை படியுங்கள். அந்தப் 18 சதவீதம் அநேகமாக அதில் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் பேக்கேஜிலேயே போயிருக்கும். கோட்டைக் காலியாக விட்டால் உங்களை யாரும் கடலில் தள்ள மாட்டார்கள். மனம் வந்தால் ஐந்தோ பத்தோ கையில் கொடுங்கள், செலவழிக்கக்கூடிய நோட்டாக. கடைசி நாள் வரவேற்பு மேசை வரிசையில் மட்டும் போய் நிற்காதீர்கள்.