பாஸ்போர்ட் இல்லாத மரமும் பெர்மிட் வாங்கிய கொசுவும்

முதலில் ஒரு கெட்ட செய்தி. டுரியானுக்கு உங்களைவிட ஜீன் அதிகம். 2017-இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் மூசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுப்பை முழுசாகப் படித்துப் பார்த்ததில் சுமார் 46,000 ஜீன்கள் தேறின. எஸ்.பி.எம். எழுதி, லோன் போட்டு மைவி கார் வாங்கிய மனிதனுக்கோ சுமார் 20,000-தான். மீதி 26,000-ஐ வைத்துக்கொண்டு டுரியான் என்ன சாதிக்கிறது என்று கேட்டால், ஊரையே கூட்டும்படி மணக்கிறது!

இந்த 20,000 ஜீன் பிராணிதான், மற்ற உயிர்களின் ஜீனைத் திருத்துகிறேன் பேர்வழி என்று சிவப்புப் பேனாவோடு கிளம்பியிருக்கிறது. உடனே டுரியான் துங்கால் கோப்பிக் கடையில் ஒரு பெரியவர் மேசையைத் தட்டுகிறார்: "இயற்கையோட விளையாடாதீங்கப்பா!" ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் அவர் காலமெல்லாம் பால் வெட்டிய கித்தா மரம் இருக்கிறதே, அது மலாக்காவுக்கு இயற்கையாகவா நடந்து வந்தது?

கதையைக் கேளுங்கள். ஹென்றி விக்கம் என்று ஓர் ஆங்கிலேயர். முழுநேரத் தொழில், தோற்றுப்போவது. நிகராகுவாவில் பறவை இறகு வியாபாரம், அமேசான் கரையில் தோட்டம், தொட்டதெல்லாம் நஷ்டம். 1876-இல் அவர் பிரேசிலில் சுமார் 70,000 ரப்பர் விதைகளைப் பொறுக்கி, லண்டன் கியூ பூங்காவில் கொண்டுபோய்க் கொட்டினார். முளைத்தவை சுமார் 2,700. நூற்றுக்கு நாலு மார்க். கூலி 700 பவுன்.

பிறகு ரப்பர் விலை ஏறியது. கூடவே விக்கமின் கதையும் ஏறியது. சுங்க அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி விதைகளைக் கொண்டுவந்த சாகச வீரராகத் தன்னை அவர் எழுதிக்கொண்டார். ஒரு சின்னச் சிக்கல்: ரப்பர் விதையை ஏற்றுமதி செய்ய அன்றைக்கு பிரேசிலில் தடையே கிடையாது! 1920-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. செய்யாத கடத்தலுக்குப் புகழ் வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. 1888-இல் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பார்க்கிற துரைமார்களின் கோட்டுப் பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணிக்க ஆரம்பித்தார். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைகள் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்தார்கள். விருந்துக்கு வந்து இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கிற ஆளை நாம் எப்படிப் பார்ப்போம், அப்படி. அந்தப் பைத்தியம் 83 வயதில் கல்யாணம் பண்ணி, 100 வயது வரை வாழ்ந்தது. கேலி செய்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

ரிட்லி பேச்சைக் காதில் வாங்கியவர் நம் மலாக்காக்காரர். டான் சே யான் என்ற பாபா சீனர், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அடுத்து புக்கிட் அசாஹான். அப்புறம் நடந்தது உங்கள் குடும்ப ஆல்பத்தில் இருக்கிறது.

இப்போது ஒரு கற்பனை. அந்தக் காலத்தில் இன்றைய மாதிரி உயிரியல் பாதுகாப்பு விண்ணப்பப் படிவம் இருந்திருந்தால்? 'இந்த அந்நியச் செடியால் சமூகத்துக்கு என்ன விளைவு?' என்ற இடத்தில் டான் சே யான் உண்மையை எழுதவேண்டி வந்திருக்கும்: 'காடு போகும். தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கான பேர் கப்பலேறுவார்கள். லயன் வீடு, கங்காணி, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் வரும்.' எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். போடாமல் விட்டிருந்தால், இதை எழுத நானும் இல்லை, மலாக்காவில் உட்கார்ந்து படிக்க நீங்களும் இல்லை. (மலாக்காச் செட்டிகள் மன்னிக்கவும். நீங்கள் அதற்குப் பல நூறு வருஷம் முன்பே வந்துவிட்டீர்கள்.)

ரப்பர், ஒட்டு ஜீன் எதுவும் இல்லாத, சுத்தமான இயற்கை மரம்தான். அதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அமேசானில் ரப்பர் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. விக்கமின் விதைகளோடு அது ஏறி வராமல் போனது நம் அதிர்ஷ்டம். அதே அமேசானில் கார் ராஜா ஹென்றி ஃபோர்டு 1920-களின் கடைசியில் 'ஃபோர்ட்லாண்டியா' என்று தன் பெயரிலேயே ஊர் கட்டி, ரப்பரை நெருக்கி நட்டார். பூஞ்சைக்குப் பந்தி விரித்த மாதிரி ஆயிற்று. சுமார் 2 கோடி டாலர் போட்ட இடம், 1945-இல் சுமார் இரண்டரை லட்சம் டாலருக்குப் பிரேசில் அரசிடமே திரும்பிப் போனது. காரை ஒரே அச்சில் வார்க்கலாம். மரத்தை வார்த்தால் நோய்க்கு வேலை சுலபம்.

சரி, ஜீனுக்கு வருவோம். நம் மேடைப் பேச்சாளர்கள் நூறு வருஷமாக ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்: "எங்கள் இரத்தத்தை ஊற்றி வளர்த்த மரம் இது!" மலேசிய ரப்பர் ஆய்வாளர்கள் இதைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆரோக்கியராஜ் என்ற விஞ்ஞானியின் குழு 1994-இல் ரப்பர் மரத்துக்குள் வெளி ஜீனைச் செலுத்திக் காட்டியது. 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த மரத்தில் சுரந்தது மனித சீரம் அல்புமின், அதாவது சாட்சாத் மனித இரத்தப் புரதம்! கணக்கு எளிது. மரத்தைச் சீவினால் பால், மறுபடி சீவினால் மறுபடி பால். மருந்துத் தொழிற்சாலையைக் காட்டில் நட்டுவிட்டு மங்கு கட்டி எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்கடைக்கு அந்தப் பால் இன்னும் வந்து சேரவில்லை. மேடை வசனம் மட்டும் விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது? ஹவாயில் வைரஸ் நோய் தாக்கிச் சாகக் கிடந்த பப்பாளித் தோட்டங்களை, 1998-இல் வந்த மரபணு மாற்றுப் பப்பாளி காப்பாற்றியது. இந்தியாவில் பி.டி. பருத்தி. 2001-இல் குஜராத்தில் காய்ப்புழு பருத்தியைத் தின்று தீர்க்க, சில வயல்கள் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றன. போய்ப் பார்த்தால், அனுமதியே வராத பி.டி. விதை! அரசு அதிகாரபூர்வமாகத் தலையாட்டியது 2002 மார்ச்சில். பத்து வருஷத்துக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் பருத்தியில் இருந்த புழுக்கொல்லி நஞ்சைச் சாப்பிட்டுப் பழகிக்கொண்டது. விஞ்ஞானி பி.எச்டி. வாங்கி ஜீனை மாற்றுகிறார். புழு பசியிலேயே மாற்றிக்கொள்கிறது.

நாம்தான் இதையெல்லாம் தொடாத உத்தமர்களா? மலேசிய வயலில் மரபணு மாற்று உணவுப் பயிர் எதுவும் வணிகமாக விளைவதில்லை, உண்மைதான். ஆனால் நம் தௌஹூவுக்கும் தெம்பேக்கும் சோயா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா. அங்கே விளையும் சோயாவில் மிகப் பெரும்பகுதி ஜி.எம்.-தான். 1982 முதல் சந்தையில் இருக்கும் மனித இன்சுலினும், மனித ஜீனை நுண்ணுயிருக்குள் வைத்துத் தயாரித்ததுதான். கோப்பிக் கடையில் மேசையைத் தட்டினாரே பெரியவர், அவர் காலையில் ஊசி போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். தட்டுவதற்குத் தெம்பு அதில்தான் வந்தது!

சட்டம் வேண்டாமா? இருக்கிறது. 2007-இல் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் போட்டு, 2009 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அனுமதி இல்லாமல் மரபணு மாற்று உயிரை வெளியே விட்டால், தனியாளுக்கு 250,000 ரிங்கிட் வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். சமூக, பொருளாதார விளைவுகளையும் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியம் கணக்கில் எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. டான் சே யான் தப்பித்தார்.

இவ்வளவு கடுமையான சட்டத்தின் வாசலில் வந்து நின்ற பிரபலம் யார் தெரியுமா? நெல்லா, செம்பனையா? இல்லை, கொசு! டிங்கிக் காய்ச்சலை ஒழிக்க மருத்துவ ஆய்வுக் கழகமும் ஆக்ஸிடெக் என்ற இங்கிலாந்து நிறுவனமும் (மறுபடியும் இங்கிலாந்து!) சேர்ந்து கொண்டுவந்த மாப்பிள்ளைக் கொசு. ஆண் கொசு என்பதால் கடிக்காது. காட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்யும்; பிறக்கும் பிள்ளைகளில் அநேகமாக எதுவும் பெரிசாகாது. 2010 அக்டோபரில் தேசிய வாரியம் அனுமதி கொடுத்தது. இடங்கள் இரண்டு. ஒன்று பகாங்கின் பெந்தோங். இன்னொன்று அலோர் காஜா, டுரியான் துங்கால் இருக்கிற அதே மாவட்டம்.

நிபந்தனைகளில் ஒன்று, அந்த வட்டார மக்களின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பது. அருமையான நிபந்தனை. டிசம்பர் 21-ஆம் தேதி பெந்தோங் அருகே மனிதர் குடியிருக்காத காட்டில் சுமார் 6,000 மாப்பிள்ளைகளை, அதே அளவு சாதாரண ஆண் கொசுக்களோடு சேர்த்துத் திறந்துவிட்டார்கள். குடியிருக்காத காட்டில் யாரிடம் சம்மதம் கேட்பது? யார் மறுப்பது? ஜனவரித் தொடக்கத்தில் சோதனை தள்ளிப்போய்விட்டது என்று பத்திரிகைச் செய்தி வந்தது. மாதக் கடைசியில் கழகமே அறிவித்தது: "சோதனை ஜனவரி 5-இலேயே முடிந்துவிட்டது." எதிர்த்தவர்கள் மட்டுமல்ல, வெளிநாட்டு விஞ்ஞானிகளே திகைத்தார்கள். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் செத்த பிறகு பத்திரிகை வைத்தால் திகைக்கமாட்டார்களா? அலோர் காஜாவுக்கு மாப்பிள்ளை வரவேயில்லை.

அந்தக் கொசு நல்ல கொசுவாகவே இருந்திருக்கலாம். டிங்கியைவிட மோசமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஹவாய்ப் பப்பாளியும் நல்லது, இன்சுலின் அதைவிட நல்லது, பருத்தியில் பாதி வெற்றி பாதி பாடம். ஜி.எம். என்ற ஒரே முத்திரையை எல்லாவற்றின் முதுகிலும் குத்தினால் எதுவும் விளங்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் தலையாட்ட வேண்டும். ஆனால் கூடவே வாழப்போகிறவனிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்த ஜீன் ஆராய்ச்சியும் தேவையில்லை. விக்கம் கேட்காததற்காவது சாக்கு உண்டு, அன்று சட்டம் இல்லை.

ஆகவே விஞ்ஞானிகளே, வாரியத்தாரே, அடுத்த அதிசய விதையோ பூச்சியோ வரும்போது ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபம் காலியாகத்தான் இருக்கும். வடையும் தேத்தண்ணியும் எங்கள் செலவு. முதல் வரிசையில் அந்தப் பெரியவர் இருப்பார், மேசை மட்டும் கொஞ்சம் உறுதியானதாகக் கொண்டுவாருங்கள்.