அரை டைல்ஸ் தூரம்

வீட்டுக்கு முதல் பூனையை நாம் கொண்டுவருகிறோம். இரண்டாவது பூனை தானாக வருகிறது. எங்கள் வீட்டு இரண்டாவது, ஐப்பசி அடைமழையில் கீழே பார்க்கிங்கில், யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. என் மகள் துப்பட்டாவில் சுற்றி மேலே எடுத்துவந்தாள். உள்ளங்கையில் அடங்கும் ஆரஞ்சு நிறக் குட்டி, உடம்பெல்லாம் சேறு, குரல் மட்டும் மூன்று மாடிக்கும் கேட்டது. படியேறி முடிப்பதற்குள் ஜாங்கிரி என்று பெயரும் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு எந்த வீட்டிலும் விவாதத்துக்கு இடமில்லை.

"இது கடுவன்டீ" என்றாள் அம்மா, மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடாமல். ஆரஞ்சுப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண்தான் என்று பிற்பாடு டாக்டரும் சொன்னார். அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். ஆணுக்கு ஒன்று கிடைத்தால் போதும், பெண்ணுக்கு இரண்டும் வாய்க்க வேண்டும். அம்மாவுக்கு குரோமோசோம் தெரியாது. கும்பகோணத்துக் கொல்லையில் சின்ன வயதில் பார்த்த பூனைகளை வைத்தே அதைச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவள் ராஜாத்தி. சாம்பல் வரி, மஞ்சள் கண், நடுத்தர வயது. அவளும் தெருவிலிருந்து வந்தவள்தான், ஆனால் அதை அவளிடம் நினைவூட்டும் தைரியம் எங்களில் யாருக்கும் கிடையாது. மேற்கு மாம்பலத்தில் இந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, அனுபவ பாத்தியதை அவள் பெயரில்.

மறுநாள் காலை ஜாங்கிரியைக் காய்கறிக் கூடையில் வைத்து, இன்னொரு கூடையை மேலே கவிழ்த்துக் கயிறு கட்டி, வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கிளம்பினோம். கூடைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, "பூனையா சார்?" என்றார் ஆட்டோக்காரர். சகுனம் பார்த்து நடுவழியில் இறக்கிவிடுவாரோ என்று மென்று விழுங்கினேன். "குறுக்க போனாத்தான் சார் பிரச்சினை, கூட வந்தா ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, பேசியதற்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டார். பரிகாரத்தில் இது மலிவுதான்.

டாக்டரம்மா குடற்புழு மருந்தும் தடுப்பூசித் தேதிகளும் எழுதிக்கொண்டே கேட்டார்: "பெரிசுக்குக் கு.க. ஆயிடுச்சா?" ஆயிற்று. "சின்னதை ஆறு மாசத்துல கூட்டிட்டு வாங்க. இப்ப ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே கூடாது. முதல் ரெண்டு வாரம் தனி ரூம்." காரணமும் சொன்னார். பான்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் வியாதி. தெருவில் பிறந்த குட்டி அதைச் சுமந்து வந்திருக்கலாம். கிருமி துணியிலும் செருப்பிலும்கூட மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம். இது வைத்தியம். மற்றது ராஜதந்திரம்: "பூனை முதல்ல மூக்கால பழகணும், அப்புறம் காதால. கண்ணால பார்க்கிறது கடைசியாத்தான்." எங்கள் கல்யாணத்தில் எல்லாம் தலைகீழாக நடந்துவிட்டது என்று என் மனைவி பின்னாலிருந்து சொன்னாள். டாக்டர் சிரித்தார். நான் மருந்துச் சீட்டைப் படித்தேன்.

கதவைச் சாத்தினால் உள்ளேயே பாத்ரூம் இருக்கும் அறை எங்கள் வீட்டில் ஒன்றுதான். அது நான் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் அறை. கம்ப்யூட்டரும் கோப்புகளுமாக நான் சாப்பாட்டு மேஜைக்குக் குடிபெயர்ந்தேன். சிக்கல் என்னவென்றால், சுவாமி அலமாரியும் அந்த அறையில்தான் இருக்கிறது. இரண்டு வேளையும் அம்மா கதவை ஒரு சாண் திறந்து, பக்கவாட்டில் நுழைந்து விளக்கேற்றுவாள். ஜாங்கிரி மடிப்புடவையைப் பிடித்து இடுப்பு வரை ஏறிவிடும். மடி போயிற்று. மறுநாளும் போயிற்று. அதன் பிறகு அம்மா சாஸ்திரத்திலிருந்தே தீர்ப்பை எடுத்துவிட்டாள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது மர்க்கட நியாயம், பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிப் போகும் என்பது மார்ஜார நியாயம். சரணாகதி விஷயத்தில் வடகலையார் குரங்குக் கட்சி, தென்கலையார் பூனைக் கட்சி. "நாம தென்கலைடா. பூனைக்குட்டி மேலே பட்டா தோஷம்னு எந்த வாயால சொல்றது?" ஆக, ஜாங்கிரிக்கு இரண்டு வேளை தரிசனம் நிச்சயமாயிற்று. பிரசாதக் கற்கண்டை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணு அந்த வம்சத்தில் வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட பிராணிக்குத்தான் ஜாங்கிரி என்று பெயர்.

வாசனைப் பரிமாற்றத்துக்கு என் பழைய வேட்டியைக் கிழித்தோம். பூனைக்குக் கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. நாற்காலிக் காலில் அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சலில் சேராது, பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை. ஜாங்கிரியின் கன்னத்தில் தேய்த்த துணியை ராஜாத்தி முன்னால் போட்டதும் அவள் குனிந்து மோந்தாள். மேலுதடு சுருங்கியது, வாய் பாதி திறந்தது, கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. "தீஞ்ச ரசத்தை மோந்த சம்பந்தி மாதிரி இருக்காளே" என்றாள் அம்மா. உண்மையில் ராஜாத்தி அப்போது தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேலண்ணத்தில் யாக்கப்சன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது, வாயைத் திறந்து வாசனையை அங்கே அனுப்பினால் வந்தவர் ஆணா பெண்ணா என்கிற ஜாதகம் தெரிந்துவிடும். படித்து முடித்தாள். துணியின் மேல் உட்கார்ந்து தன் வாலை நக்கிக்கொண்டாள்.

செய்தி பரவியதும் யோசனைகள் வந்தன. ரெண்டையும் ஒரே ரூமில் போட்டுப் பூட்டுங்க, ராத்திரிக்குள்ள சமாதானம் ஆயிடும் என்றார் வாட்ச்மேன். முதல் மாடி மாமி, சண்டை வந்தால் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். "அந்தக் காலத்துல பூனைக்குப் பூனை நாங்க அறிமுகமா பண்ணி வெச்சோம்? நாலு வரும், நாலு போகும்" என்று அம்மாவும் தன் பங்குக்கு அலுத்துக்கொண்டாள். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்த வீட்டில் கொல்லை இருந்தது, மாட்டுக்கொட்டகை, பரண், ஓடு, மதில் எல்லாம் இருந்தன. இரண்டு பூனைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று ஓட்டின் மேல் போய்விடும், அதோடு வழக்கு முடிந்தது. பூனை எதையும் பேசித் தீர்ப்பதில்லை, விலகித் தீர்க்கிறது. 850 சதுர அடி ஃபிளாட்டில் விலகுவதற்கு இடம் எங்கே? மதில்மேல் பூனையாக இருக்க முதலில் ஒரு மதில் வேண்டும்.

அறைக் கதவுக்குக் கொசுவலைக் கதவு போட ஆள் வந்தார். "இந்த ரூம்ல கொசு ஜாஸ்தியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லோரிடமும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

வலைக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. முதலில் நான்கு டைல்ஸ் தள்ளி வைப்பது, இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் அரை டைல்ஸ் நெருக்குவது. தட்டில் என்ன வைப்பது என்பதை நாங்கள் என்றோ தீர்த்துவிட்டோம். ராஜாத்தி வந்த புதிதில் அம்மா அவளைத் தயிர்சாதத்தில் வளர்க்கலாம் என்று நம்பியிருந்தாள். டாரின் என்கிற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு செய்துகொள்ளாது, அது மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும், வராவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று டாக்டர் சொன்ன பிறகு பால்கனிக்கு ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு போயிற்று. உள்ளே அம்மா ஏகாதசிக்கு வெங்காயம்கூட வாங்கமாட்டாள், வெளியே சங்கரா வேகும். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முள்ளைச் சரியா எடுத்தியோ?" என்று மட்டும் கேட்பாள்.

இரண்டு டைல்ஸ் தூரம் வந்தபோது ராஜாத்தி சீறினாள். காது இரண்டும் மண்டையோடு படிந்தன, முதுகு மயிர் எழுந்தது, உஸ்ஸென்று ஒரு காற்று. வலைக்கு அந்தப் பக்கம் ஜாங்கிரி ஒரு நொடி வாயில் மீனோடு அப்படியே நின்றது, பிறகு மென்றது. சீறுவது சண்டைக்கு அழைப்பு என்று நாம் நினைக்கிறோம். அது சண்டையைத் தவிர்க்கப் பூனை செய்யும் கடைசி முயற்சி. கிட்டே வராதே என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது எவ்வளவு நாகரிகம்! எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இந்த வழக்கம் இன்னும் வரவில்லை.

இந்தச் சமயத்தில் என் மகள் ஓர் ஆராய்ச்சியைக் கண்டுபிடித்தாள். நாம் மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்கிறது, நம்மை நெருங்கவும் தயங்குவதில்லை என்று இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். அன்று மாலை நாங்கள் நால்வரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ராஜாத்தியைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தோம். திறந்திருந்த வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ரசீதை மேஜையில் வைத்துவிட்டு, டிப்ஸ் கேட்காமல் போனார். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

வலைக்கதவைத் திறந்த நாளில் ஜாங்கிரி நேராக ராஜாத்தியிடம் ஓடி, மூக்கை நீட்டியது. மண்டையில் ஓர் அறை. நகம் வெளியே வரவில்லை என்பதைக் கவனித்தோம், ஆகவே அது அடியில் சேராது, வீட்டு விதிகளின் முதல் ஷரத்து. அவள் பீரோ மேல் ஏறிவிட்டாள். பீரோ உச்சியில் இருந்த சூட்கேஸ்களை நாங்கள் முன்பே காலி செய்து ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தோம். நீளவாக்கில் கிடைக்காத கொல்லையை உயரவாக்கில் கட்ட வேண்டியிருக்கிறது. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையின் அடியில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்யும், சுற்றிலும் எலிகள் நம்பி நிற்கும். ராஜாத்தி மேலே கண்ணை மூடி அமர்ந்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கீழே எலியின் இடத்தில் ஜாங்கிரி நின்று அண்ணாந்து பார்த்தது, அதற்கும் நம்பிக்கை இருந்தது. பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு மணல் தட்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. இப்போது மனிதர் நால்வருக்குப் பாத்ரூம் இரண்டு, பூனை இரண்டுக்குத் தட்டு மூன்று.

ஒன்றின் கழுத்தில் ஒன்று தலை வைத்துத் தூங்கும், படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பலாம் என்று மகள் காத்திருந்தாள். அது நடக்கவில்லை. அவை செய்துகொண்டது ஒரு கால அட்டவணை. விடிந்ததிலிருந்து பால் பாக்கெட் வரும் வரை பால்கனி ஜன்னல் ராஜாத்திக்கு. அதன் பிறகு வெயில் ஏறியதும் ஜாங்கிரிக்கு. சோபாவின் இடது மூலை காலையில் அவளுடையது, மாலையில் அவனுடையது. நடையில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டில் ஒன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும், மற்றது கடந்து போகும். யார் உட்கார வேண்டும் என்பதற்கும் ஏதோ கணக்கு இருக்கிறது, எங்களுக்குப் பிடிபடவில்லை. மகளுக்கு இதில் ஏமாற்றம். எனக்கு இதுவே உயர்தரமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. சாலையில் பாதி ஆட்கள் இப்படி ஒதுங்கினால் போதும்.

என் அறையை எனக்குத் திருப்பித் தந்துவிட்டார்கள். சக்கரம் வைத்த என் நாற்காலி மட்டும் அட்டவணைக்குள் போய்விட்டது. காலை முழுக்க அதில் ஜாங்கிரி, நாலு மணிக்கு மேல் ராஜாத்தி. நடுவில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை எனக்கு. ஐந்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்தால் கதவருகே வந்து உஸ்ஸென்று முன்னறிவிப்பு கொடுக்கிறாள். எழுந்து, கோப்பை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்குப் போய்விடுகிறேன்.